நிற்கும்போது சார்ஜ் ஏறாத வண்டி: ஓர் அம்பாசிடரின் டைனமோவை மாற்றிய விவரம்

ஏற்காட்டு மலைப்பாதையில் பழைய வண்டி ஏறும்போதுதான் மக்கர் செய்யும் என்று எல்லோரும் நினைப்பார்கள். என் மாமாவின் அம்பாசிடர் ஏறும்போது ஒருநாளும் சண்டித்தனம் செய்ததில்லை. நின்றால்தான் அதற்கு உயிர் போகும்.

சென்ற நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை, ஏற்காட்டுக்கு அருகே நாகலூர் வீட்டிலிருந்து சேலத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்காக மாமா கிளம்பினார். ஏரியைத் தாண்டும்போதே பனிமூட்டம் இறங்கிவிட்டது. பதினெட்டாவது கொண்டை ஊசி வளைவுக்குச் சற்றுக் கீழே ஒரு சுற்றுலாப் பேருந்து பின்சக்கரத்தை மண் விளிம்பில் இறக்கிக்கொண்டு நின்றதால் மேலும் கீழும் வண்டிகள் வரிசை கட்டிவிட்டன. மாமா இன்ஜினை அணைக்கவில்லை. முகப்பு விளக்கு, பனிவிளக்கு, வைப்பர் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. கால் முழு நேரமும் பிரேக்கில். கைப்பிரேக்கை அவர் நம்புவதில்லை. ஐம்பது நிமிடம் கழித்து வரிசை நகர்ந்தபோது விளக்குகள் கோயில் தீபம்போல மஞ்சளாகியிருந்தன. கிளட்சை விட்டதும் இன்ஜின் இரண்டு முறை இருமி நின்றது. செல்ஃப் அடித்தால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம்.

இறக்கம்தானே என்று வண்டியை உருட்டி இரண்டாம் கியரில் கிளட்சை விட்டார். இன்ஜின் பற்றிக்கொண்டது. அடிவாரம் வந்து சேரும்போது டாஷ்போர்டில் ஆம்பியர் மீட்டர் முள் நல்ல பிள்ளையாகச் சார்ஜ் பக்கம் சாய்ந்திருந்தது. மறுநாள் மெக்கானிக் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். இது மூன்றாவது முறை. ஒரே ஆண்டில் டைனமோவின் சுழலும் சுருளான ஆர்மேச்சருக்கு ஒரு ரீவைண்டிங், இரண்டு கட்அவுட் பெட்டி, ஒரு புது பேட்டரி என்று செலவாகியிருந்தது. ஒவ்வொரு முறையும் நோய் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு மருந்து மட்டும் மாறியது.

சேலத்தில் குகை என்ற பகுதியில் நான் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கார் என் தொழில் இல்லை. ஆனால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ என்பது செம்புக் கம்பியும் கார்பனும்தானே என்ற துணிச்சலில் வண்டியை என்னிடம் விடச் சொன்னேன்.

முதலில் அளந்தது

வண்டி இரண்டாம் மாடல் அம்பாசிடர், 1489 சிசி இன்ஜின். சார்ஜுக்கு லூகாஸ் சி40 டைனமோ. அது அதிகபட்சமாகத் தரக்கூடியது 22 ஆம்பியர். இன்ஜின் அறைச் சுவரில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியைத்தான் நம் பட்டறைகளில் ‘கட்அவுட்’ என்கிறார்கள். உண்மையில் அதற்குள், டைனமோவில் போதிய வோல்ட் வந்ததும் மூடி அதைப் பேட்டரியோடு இணைக்கும் கட்அவுட்டும், வோல்ட்டை அளவோடு வைக்கும் வோல்டேஜ் ரெகுலேட்டரும் சேர்ந்தே இருக்கின்றன.

டைனமோவைச் சோதிக்கும் முறை எளிது. முதலில் காந்தச் சுருளுக்குப் போகும் ‘எஃப்’ ஒயரைக் கழற்றிவிட்டு, மின்சாரம் வெளியே வரும் ‘டி’ முனையில் மட்டும் மீட்டரை வைத்தேன். இரும்பில் தங்கிப்போன காந்தத்தால் மட்டும் சுமார் 2 வோல்ட் வந்தது. பிறகு ‘டி’யையும் ‘எஃப்’பையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, ஆக்சிலரேட்டரை மெதுவாகத் தொட்டதும் முள் 15 வோல்ட்டைத் தாண்டி ஓடியது. இந்தச் சோதனையில் இன்ஜினை முறுக்கக் கூடாது. முறுக்கினால் சுருள் கருகும். கார்பன் உரசும் செம்பு உருளையான கம்யூட்டேட்டர் சுத்தமாக இருந்தது. செம்புப் பட்டைகளுக்கு நடுவே மைக்காவும் சரியாகத் தாழ்த்தி வெட்டப்பட்டிருந்தது. பின்பக்க புஷ்ஷுக்கான எண்ணெய்த் துளையில் மாமா மாதாமாதம் இரண்டு சொட்டு விட்டு வந்திருக்கிறார். இப்படிப்பட்ட டைனமோவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்அவுட் 13 வோல்ட்டில் மூடியது, அதுவும் கணக்குப்படிதான்.

அப்படியானால் எங்கே கோளாறு? எந்த உறுப்பிலும் இல்லை. கூட்டல் கழித்தலில் இருந்தது.

இந்த டைனமோ நிமிடத்துக்குச் சுமார் 1450 சுற்றுக்கு மேல்தான் பேட்டரிக்குத் தரும் அளவுக்கு வோல்ட் எடுக்கும். முழு 22 ஆம்பியர் வேண்டுமென்றால் 2250 சுற்று ஓட வேண்டும். இன்ஜின் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது, 600 முதல் 650 சுற்று ஓடுகிறது. புல்லிகளின் அளவு வித்தியாசத்தால் டைனமோ அதைவிட ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் அதிகமாகச் சுழலும். எப்படிப் பெருக்கினாலும் ஆயிரத்துச் சொச்சம்தான். வண்டி நிற்கும்போது டைனமோ சுழல்கிறதே தவிர, ஒரு காசு சம்பாதிப்பதில்லை. அதை உருவாக்கியவர்கள் தவறு செய்யவில்லை. 1950களில் வடிவமைத்த வண்டி அது. அன்றைக்கு யார் ஐம்பது நிமிடம் விளக்கு போட்டுக்கொண்டு மலையில் நின்றார்கள்?

செலவுப் பக்கம் பார்ப்போம். வண்டி பிறந்தபோது இருந்த முகப்பு பல்புகளை எடுத்துவிட்டு 60/55 வாட் ஹாலஜன் போட்டிருந்தார்கள். கீழ் ஒளியில் இரண்டும் சேர்ந்து 110 வாட், ஏறக்குறைய எட்டரை ஆம்பியர். பனிவிளக்கு இரண்டுக்கும் அதே அளவு. பார்க்கிங், நம்பர் பிளேட், மீட்டர் விளக்குகளுக்கு இரண்டரை. வைப்பருக்கு மூன்று, இக்னிஷன் காயிலுக்கு மூன்று. இதுவே 25ஐத் தாண்டிவிட்டது. பிரேக்கில் கால் வைத்தால் பின்விளக்கு இரண்டும் 42 வாட், இன்னும் மூன்று ஆம்பியர். பாட்டுப்பெட்டியைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆக, டைனமோ மூச்சைப் பிடித்து ஓடினாலும் 22, கேட்பது 28. ஐடிலில் வரவு பூஜ்யம். மொத்தமும் பேட்டரியின் கையிருப்பிலிருந்து போகிறது. 60 ஆம்பியர்-மணி பேட்டரி, அதுவும் முழுதாக நிரம்பாதது, 28 ஆம்பியரை எவ்வளவு நேரம் தாங்கும்? மாமா அதைப் பதினெட்டாவது வளைவில் எனக்காகச் சோதித்துப் பார்த்துவிட்டார்.

இறக்கத்தில் உருட்டியதும் ஏன் சரியானது என்பதும் இதிலேயே விளங்கிவிடுகிறது. இரண்டாம் கியரில் இன்ஜின் பிரேக்கோடு இறங்கும்போது சுற்று ஏறுகிறது, டைனமோ விழித்துக்கொள்கிறது. அடிவாரத்தில் பார்க்கிற மெக்கானிக்குக் குணமான நோயாளிதான் கண்ணில் படுவான்.

மாமாவின் ஆட்சேபம்

டைனமோவுக்குப் பதில் இந்தக் காலத்து வண்டிகளில் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் போட்டுவிடலாம் என்றதும் மாமா முகம் சுருங்கியது. “தாத்தா வாங்கிய வண்டி மாப்பிள்ளை. போல்ட் முதற்கொண்டு பழையபடி இருக்கிறது. நீ மாருதி வண்டிச் சாமானைத் தூக்கி அதில் வைக்கிறேன் என்கிறாய்.”

அவர் சொன்னதில் பாதி பொய். பாட்டுப்பெட்டியும் ஹாலஜனும் தாத்தா வாங்கியதில்லை. அதைச் சொல்லாமல் வேறு விதமாகப் பேசினேன். இந்த இன்ஜின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பிஎம்சி) நிறுவனத்தின் ‘பி’ வரிசை. இதே குடும்பத்து 1798 சிசி இன்ஜினைத்தான் இங்கிலாந்தில் எம்ஜிபி காரில் வைத்தார்கள். அந்தக் காரிலேயே 1967 இறுதியில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டரும், பேட்டரியின் நெகட்டிவ் முனையைப் பாடியோடு இணைக்கும் நெகட்டிவ் எர்த்தும் கொண்டுவந்துவிட்டார்கள். பங்காளி வீட்டில் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம் என்றேன். டைனமோவின் கூட்டுக்குள்ளேயே ஆல்டர்னேட்டரை ஒளித்துவைத்து வெளிநாட்டில் விற்கிறார்கள் என்றும் காட்டினேன். விலையைப் பார்த்ததும், தெரிந்தாலும் பரவாயில்லை என்று அவரே இறங்கிவந்தார். ஒரே ஒரு நிபந்தனை: எதையும் வெட்டக் கூடாது, எப்போது வேண்டுமானாலும் பழையபடி திருப்ப முடிய வேண்டும். நியாயமான நிபந்தனை. இதனால் வேலை ஒரு நாள் கூடியது.

டைனமோவுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் உள்ள வித்தியாசம் என்ன? டைனமோவில் மின்சாரம் பிறப்பது சுழலும் ஆர்மேச்சரில். பிறந்த அத்தனை ஆம்பியரும் கம்யூட்டேட்டர் வழியாகவும் கார்பன் வழியாகவும்தான் வெளியே வர வேண்டும். வேகம் கூடினால் பொறி பறக்கும், சுருள் வெளியே பிதுங்கும். அதனால் சிறிய புல்லி போட்டு வேகமாகச் சுழற்ற முடியாது. ஆல்டர்னேட்டரில் மின்சாரம் பிறப்பது அசையாத வெளிச்சுருளில். உள்ளே சுழலும் ரோட்டாருக்குக் காந்தம் ஏற்ற மட்டும் கார்பன் வழியாகச் சில ஆம்பியர் போகிறது. எனவே அதைத் தைரியமாக வேகம் கூட்டி ஓட்டலாம், ஐடிலிலேயே வருமானம் வரும். டயோடு ஒருவழிக் கதவு என்பதால் பேட்டரியிலிருந்து எதுவும் திரும்பி ஓடாது, கட்அவுட் தேவையில்லை. அதிகபட்ச ஆம்பியரைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். பாக்கி இருப்பது வோல்டேஜ் ரெகுலேட்டர் மட்டும். அதுவும் இப்போது ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே தீப்பெட்டி அளவில் உட்கார்ந்திருக்கிறது.

எர்த் மாற்றம்

ஆல்டர்னேட்டரை மாட்டுவதற்கு முன் ஒரு வேலை இருந்தது. எங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருந்தது. இந்தக் காலத்து ஆல்டர்னேட்டர் நெகட்டிவ் எர்த். கவனிக்காமல் மாட்டினால் சாவியைத் தொடும் முன்பே, பேட்டரி கிளாம்பைப் போட்ட நொடியில் டயோடுகள் போய்விடும்.

மாற்றுவது பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. பேட்டரியைத் திருப்பி வைத்தோம். இரண்டு முனைகளில் பாசிட்டிவ் சற்றுத் தடிமன் என்பதால் பழைய கிளாம்புகள் மாறிப் பொருந்தாது. இரண்டையும் புதிதாகப் போட்டோம். இக்னிஷன் காயிலின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றினோம். இதைப் பலர் விட்டுவிடுவார்கள். வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் பிளக்கில் பொறி தலைகீழாகப் பாயும், பாய்வதற்குக் கூடுதல் வோல்டேஜ் கேட்கும், மழைநாளில் காலையில் படுத்தும். செல்ஃப் மோட்டாரும் வைப்பர் மோட்டாரும் காந்தக்கல் இல்லாமல் சுருள் வைத்த பழைய வகை. முனை மாறினாலும் அதே திசையில்தான் சுற்றும். ஹாரனுக்கும் பல்புக்கும் கவலையே இல்லை.

பாட்டுப்பெட்டி விஷயத்தில்தான் சிரித்துவிட்டேன். நெகட்டிவ் எர்த் பெட்டியைப் பாசிட்டிவ் எர்த் வண்டியில் வைக்க யாரோ ஒரு புண்ணியவான் அதைப் பாடியில் படாமல் தேக்குப் பலகையில் திருகி, ஏரியல் உறைக்கும் ரப்பர் சுற்றியிருந்தார். வேலை சுத்தமாக இருந்தது. இனி பலகை தேவையில்லை என்றாலும் கழற்ற மனமில்லாமல் விட்டுவிட்டேன்.

லேத்தும் ஒயரும்

பழைய உதிரிபாகக் கடையில் 45 ஆம்பியர் என்று தகடு ஒட்டிய ஆல்டர்னேட்டர் ஒன்றை எடுத்தேன். பிரித்து, பேரிங், கார்பன் இரண்டையும் புதிதாகப் போட்டேன். டயோடுகளை ஒவ்வொன்றாக மீட்டரில் பார்த்தேன். 60, 70 ஆம்பியர் வகைகளும் கிடைத்தன. வேண்டாம் என்றேன். நம் தேவை 28. தவிர, 45 ஆம்பியர் கொடுக்கும்போதே பெல்ட் வழியாக ஒன்றரை குதிரைத்திறன் போகிறது. ஒற்றை பெல்ட்டை அதற்கு மேல் வருத்த வேண்டாம்.

டைனமோ நீளமானது, ஆல்டர்னேட்டர் குட்டையானது. போல்ட் நுழையும் முன்காது சேர்ந்தால் பின்காது அந்தரத்தில் நின்றது. லேத் பட்டறை அண்ணன் ஓர் எஃகுக் குழாயைக் கடைந்து இடைவெளியை அடைத்துக் கொடுத்தார். நீளமான ஒரே போல்ட் இரண்டு காதுகளிலும் நுழைந்தது. வெட்டலும் இல்லை, வெல்டிங்கும் இல்லை. ஆல்டர்னேட்டரோடு வந்த புல்லி ஒல்லியான பெல்ட்டுக்கானது, அம்பாசிடர் பெல்ட் அகலம். அதே விட்டத்தில் அகலப் பள்ளம் வைத்து ஒரு புல்லி கடையச் சொன்னேன். கிராங்க் புல்லியின் விட்டத்தில் பாதி இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். இரண்டு பள்ளங்களும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்த்தால் இரண்டு மில்லிமீட்டர் விலகல். “இதற்கெல்லாம் ஒன்றும் ஆகாது” என்றார் அண்ணன். ஆகும். பெல்ட் ஓரம் தேய்ந்து ஆறு மாதத்தில் அறுந்து, அதுவும் மேலேதான் எங்காவது அறும். வாஷரைக் கடைந்து சரிசெய்த பிறகுதான் எடுத்துவந்தேன்.

ஒயரிங்கில் பழைய பெட்டியை எடுக்கவில்லை. உள்ளிருந்த சுருள்களின் இணைப்பை வெட்டாமல் கழற்றி, ‘ஏ’, ‘ஏ1’ முனைகளைத் தடித்த செம்புப் பட்டையால் இணைத்து, மூடியை மூடிவிட்டேன். வெளியே பார்த்தால் அது பழைய கட்அவுட். உள்ளே வெறும் இணைப்புப் பெட்டி. ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் வரும் தடித்த ஒயர் புதியது, 10 சதுர மில்லிமீட்டர். 60 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக நேராக செல்ஃப் மோட்டாருக்கான சொலினாய்டு சுவிட்சின் பேட்டரி முனைக்குப் போகிறது. டாஷ்போர்டில் இருந்த 30 ஆம்பியர் மீட்டர் வழியாக 45 ஆம்பியரை அனுப்பினால் அது மீட்டர் இல்லை, அடுப்பு. அதை விலக்கிவிட்டு அதே வட்டத்தில் ஒரு வோல்ட் மீட்டர் வைத்தேன். பழைய ‘எஃப்’ ஒயர் சும்மா கிடந்தது. சார்ஜ் விளக்கின் ஒயரை அதோடு சேர்த்து ஆல்டர்னேட்டரின் விளக்கு முனைக்குக் கொண்டுபோனேன்.

இதோடு முடித்திருந்தால் பாதி வேலைதான். வேலை தொடங்கும் முன்பே பேட்டரியில் 12.3 வோல்ட் இருந்தபோது முகப்பு பல்பின் முனையில் 11.2தான் இருந்தது. மீதி எல்லாம் டாஷ்போர்டு சுவிட்சுக்குப் போய்த் திரும்பும் ஐம்பது வருட ஒயரில் கரைந்தது. பல்பின் ஒளி வோல்ட்டோடு சமமாகக் குறைவதில்லை. பத்தில் ஒரு பங்கு வோல்ட் குறைந்தால் ஒளி மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே இரண்டை வைத்து, முகப்பு விளக்குக்கு நேரடி ஒயர் கொடுத்தேன். சுவிட்ச் இனி ரிலேயைத் தட்டி எழுப்பினால் போதும். இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால் பாடியோடு அதை இணைக்கும் பின்னல் எர்த் பட்டையும் முக்கியம். எங்கள் பட்டை பச்சை பூத்து, சுமை போட்டால் 0.7 வோல்ட்டை விழுங்கிக்கொண்டிருந்தது. சார்ஜ் கோளாறு என்று வரும் பழைய வண்டி எதுவானாலும் நான் முதலில் மாற்றச் சொல்வது இந்தப் பட்டையைத்தான். விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் இராது.

மலையில் சோதனை

சாவியைத் திருப்பினோம், சார்ஜ் விளக்கு எரிந்தது. செல்ஃப் அடித்தோம், அணைந்தது. ஐடிலில் 14.1 வோல்ட். எல்லாச் சுமையையும் போட்டு, பிரேக்கிலும் கால் வைத்தால் 13.1. சற்று முறுக்கினால் 13.9.

பட்டறையில் வரும் அளவு பட்டறைக்குத்தான். டிசம்பரில் ஓர் இரவு கோரிமேடு தாண்டி அடிவாரத்திலிருந்து ஏறினோம். அதே பதினெட்டாவது வளைவருகே ஓரமாக நிறுத்தி, எல்லா விளக்கையும் போட்டு, வைப்பரையும் ஓடவிட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மாமா ஃபிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்திருந்தார். முள் 13க்குக் கீழே இறங்கவே இல்லை. போகிற வண்டிக்காரர்கள் இருவர் நிறுத்தி, உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். இன்ஜினை அணைத்து மீண்டும் செல்ஃப் அடித்தார் மாமா. அரைச் சுற்றில் பற்றியது. எதிர்ப்பாறையில் விளக்கு வெள்ளையாக விழுந்தது. “கண் கூசுகிறது” என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஜனவரியில் போன். சார்ஜ் விளக்கு இன்ஜின் ஓடினாலும் அணைய மறுக்கிறது, நன்றாக ஒருமுறை முறுக்கினால்தான் அணைகிறது, அதன்பிறகு எல்லாம் சரி. போய்ப் பார்த்தால் மாமாவின் பேரன் கைவேலை. மீட்டர் விளக்குகள் மங்கல் என்று எல்லாவற்றையும் எல்இடி ஆக்கியவன், சார்ஜ் விளக்கையும் விட்டுவைக்கவில்லை. அந்தச் சிறிய 2.2 வாட் பல்பு வெறும் அடையாள விளக்கு இல்லை. ரோட்டாருக்குத் தொடக்கக் காந்தம் ஏற்றும் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. எல்இடி விடும் துளி மின்சாரம் அதற்குப் போதாது. பழைய பல்பைப் போட்டதும் தீர்ந்தது. அந்தப் பல்பு ஃபியூஸ் போனாலும் இதே கதைதான் என்பதால் கிளவ் பெட்டியில் இரண்டு பல்பு வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் மாமாவிடம் எழுதியே கொடுத்தேன். சார்ஜ் வருகிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி கிளாம்பைத் தூக்கும் பழக்கம் பட்டறைகளில் இன்றும் இருக்கிறது. டைனமோ வண்டியில் அதனால் பெரிதாக எதுவும் கெடாமல் போயிருக்கலாம். ஆல்டர்னேட்டரில் அந்த ஒரு நொடியில் வோல்ட் எகிறி டயோடும் ரெகுலேட்டரும் போய்விடும்.

மாற்றத்தில் இழந்ததும் உண்டு. பேட்டரி முழுதாகச் செத்தாலும் டைனமோ தன் இரும்பில் தங்கிய காந்தத்தைக் கொண்டு தானே எழுந்துவிடும். அன்று நவம்பரில் மாமாவைக் காப்பாற்றியது அதுதான். ஆல்டர்னேட்டருக்கு யாராவது முதல் துளி மின்சாரம் கொடுக்க வேண்டும். முற்றிலும் செத்த பேட்டரியோடு பதினெட்டு வளைவும் உருட்டினாலும் அது எழாது. இதைச் சொல்லி, ஜம்ப் கேபிள் ஒன்று வாங்கி டிக்கியில் போட்டேன். டைனமோ கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி, நாகலூர் வீட்டுப் பரணில் இருக்கிறது. வண்டியை மாமா இன்னும் வாசலில் இறக்கத்தைப் பார்த்துத்தான் நிறுத்துகிறார்.